படத்தின் கீழே என் தம்பி பெயர்

ஆசிரியரின் அறையில் அன்று இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பத்திரிகையின் ஆசிரியர். படப்பிரிவுத் தலைவர், அதாவது எல்லாரும் கத்திரி என்று கூப்பிடுகிற மனிதர். அமைச்சரின் விளம்பரச் செயலாளர். என் தம்பி. நான். கடைசியாக உள்ளே வந்த சிட்டு, என் தம்பியின் மகள். அவ்வளவுதான். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று வாயசைவைப் பார்த்தவர்களும், மாடிப்படியில் சத்தம் கேட்டவர்களும் இன்று நேரில் பார்த்த சாட்சிகளாகிவிட்டார்கள். அவர்களில் ஒருவர்கூட அந்த அறையில் இல்லை.

போன வாரம் வரை நடந்ததை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

என் தம்பி அரசியல் செய்திகளுக்குப் படம் எடுப்பவன். கூட்டத்தில் தலைகளுக்கு மேலே நின்று எடுப்பதற்காக மடக்கு ஏணி ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டே திரிவான். அதனால் தொழிலில் அவனுக்கு ஏணி என்றே பெயர். எத்தனையோ ஆட்சிகளை அந்த ஏணி மேல் நின்று பார்த்துவிட்டான். பதவி ஏற்றவர்களையும் எடுத்திருக்கிறான், அதே ஆட்கள் கைதாகி வேனில் ஏறியதையும் எடுத்திருக்கிறான். ஒரு தடியடியில் அவன் விலா எலும்பு உடைந்தபோது, நான் தலைமை நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியில்தான் கட்டுப் போட்டோம். கட்டுப் போடும்போதும் கேமராவைக் கையிலிருந்து விடவில்லை. எந்தக் கட்சிக்காரனிடமும் ஒரு வேளைச் சாப்பாடு வாங்கித் தின்றவன் இல்லை அவன். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைதான், ஆனாலும் அதற்காகச் சொல்லவில்லை.

சந்தை எரிந்து சாம்பலான மறுநாள் அமைச்சர் பார்வையிட வந்தார். அவர் திரும்பிப் போகும்போது எடுத்த படம் முதல் பக்கத்தில் அகலம் முழுக்க வந்தது. காரின் ஜன்னல் விளிம்பை ஒரு பெண்ணின் விரல்கள் பிடித்திருக்கின்றன. கண்ணாடி மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. உள்ளே அமைச்சரின் கட்டைவிரல் பொத்தானில் இருக்கிறது. அவர் வேறெங்கோ பார்க்கவில்லை. அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டேதான் அழுத்துகிறார். படத்தின் கீழே என் தம்பி பெயர்.

ஒரு நாள் முழுக்க ஊர் கொந்தளித்தது. அடுத்த நாள் அமைச்சர் அலுவலகம் ஒரு வீடியோவை வெளியிட்டது. அதில் கார் புறப்படுகிறது, அந்தப் பெண் நிற்கிற பக்கத்தில், கூட்டத்தைத் தடுக்கக் கட்டிய கயிற்றுக்குப் பின்னால், ஏணி மேல் என் தம்பி நிற்கிறான். படமோ காரின் மறுபக்கத்திலிருந்து எடுத்தது. இந்தப் பக்கம் நின்றவன் அந்தப் பக்கத்துப் படத்தை எப்படி எடுத்தான்? ஆகவே கம்ப்யூட்டரில் ஒட்டியது என்றார்கள். சாயந்திரத்துக்குள் என் தம்பிக்கு ஒட்டுக்காரன் என்று இன்னொரு பெயர் வந்துவிட்டது.

அவன் வாயைத் திறக்கவில்லை. அதுதான் போன வாரம்.

ஆசிரியர் அவனைக் கூப்பிட்டிருந்த அன்று காலையில் மளிகைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பருப்பை நிறுத்துக்கொண்டே, "தம்பியோட படம் ஒட்டுப் படமாமே? டிவியில சொல்றாங்க" என்றார். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"உங்க தராசு சரியா இருக்கான்னு நான் என்னைக்காவது கேட்டிருக்கேனா?" என்றேன்.

"இல்லீங்களே."

"இனிமே கேப்பேன். மறுபடியும் நிறுங்க."

அவர் மறுபடியும் நிறுத்தார். கொஞ்சம் குறையத்தான் செய்தது. அந்தக் கோபத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நான் மாடியில் இருக்கிறேன், தம்பி குடும்பம் கீழே. முன்னறைக் கதவுக்குப் பின்னால் ஏணி சாய்ந்திருந்தது. அலமாரியில் பேட்டரிகள் சார்ஜரில் வரிசையாக உட்கார்ந்து பச்சை விளக்கு எரித்துக்கொண்டிருந்தன. தம்பி தரையில் உட்கார்ந்து ஒரு லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. அவன் மனைவி வங்கி வேலைக்குக் கட்டிக்கொண்டு போக வேண்டிய சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்களே கேளுங்க அண்ணி. நான் கேட்டா பீரோகிட்ட பேசுற மாதிரி இருக்கு. பீரோவாவது கதவைத் திறந்தா சத்தம் போடும்."

"எந்திரிடா" என்றேன்.

"எதுக்குக்கா?"

"ஆபீஸ்ல கூப்பிட்டிருக்காங்கல்ல? போய் நிமிர்ந்து நின்னு சொல்லு. என் படம் நிஜம், பொய்னு சொன்னவன் மேல கேஸ் போடுவேன்னு சொல்லு. நம்ம வீட்ல எவனும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு வெளியில போனதில்ல."

அவன் லென்ஸுக்கு மூடி போட்டான். "அது என் படம் இல்லக்கா."

தம்பி மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"ஒட்டினதா?"

"ஒட்டல. நிஜப் படம்தான். நான் எடுக்கல."

"பின்ன யார் எடுத்தா?"

அவன் உள்ளறைக் கதவைப் பார்த்தான். சிட்டுவின் அறை அது. விடிந்ததும் வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டிருந்தாள். என்ன வேலை என்று கேட்டால், அந்த அமைச்சருக்கு அலுவல் முறைப் படம் எடுக்கிற வேலை. அவர் நாடா வெட்டினால் எடுப்பாள், குழந்தையைத் தூக்கினால் எடுப்பாள். அப்பா கயிற்றுக்கு வெளியே, மகள் கயிற்றுக்கு உள்ளே. அவள் அதில் சேர்ந்தபோது இந்த வீட்டில் அப்பனுக்கும் மகளுக்கும் நடந்த சண்டையை முன்பே எழுதியிருக்கிறேன். அதைத் திரும்பச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

தம்பி துண்டு துண்டாகச் சொன்னான். நான் சேர்த்துச் சொல்கிறேன்.

அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. களத்தில் ஒருவனுடைய கார்டு, அதாவது படங்கள் பதிகிற அந்தச் சின்ன வில்லை, கெட்டுப்போனாலோ நிறைந்துபோனாலோ பக்கத்தில் நிற்கிறவனிடம் கேட்பான். கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். போட்டிப் பத்திரிகைக்காரனாக இருந்தாலும் சரி, முந்தின நாள் முகத்தில் குத்தியவனாக இருந்தாலும் சரி. சந்தையில் சிட்டுவின் கார்டு திடீரென்று வேலை செய்யவில்லை. கயிற்றருகே வந்தாள். அங்கே இருந்தவர்களில் கைக்கு எட்டிய ஆள் அப்பாதான். இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினாள். இவன் சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தான். ஒரு வார்த்தை கிடையாது. வேலை முடிந்ததும் அவள் தன் படங்களைக் கம்ப்யூட்டரில் இறக்கிக்கொண்டு கார்டைத் திருப்பிக் கொடுத்தாள். இவன் அதைத் தன் கார்டுகளோடு போட்டுக்கொண்டு போய், அலுவலகத்தில் தன் தட்டில் வைத்துவிட்டுத் தீக்காயம் பட்டவர்களைப் படம் எடுக்க ஆஸ்பத்திரிக்கு ஓடிவிட்டான்.

படப்பிரிவில் யார் தட்டில் கார்டு இருக்கிறதோ அவர் பெயரைத்தான் படத்துக்குப் போடுவார்கள். எந்தக் கேமராவில் எடுத்தது என்று யாரும் பார்ப்பதில்லை. கத்திரி அந்தப் படத்தைக் கண்டார். பக்கம் காத்திருந்தது. ஓரங்களை வெட்டினார், பெயரைப் போட்டார், அனுப்பிவிட்டார்.

"பேப்பரைப் பார்த்ததுமே தெரிஞ்சுதா உனக்கு?"

"தெரிஞ்சுது."

"அன்னைக்குப் பூரா போன் அடிச்சுதே. ஒவ்வொருத்தருக்கும் நன்றிங்க நன்றிங்கன்னு சொன்னியே. நான் மாடியில இருந்து கேட்டேனே."

"என் படம் இல்லன்னா யார் படம்னு கேப்பாங்கக்கா. காருக்கு அந்தப் பக்கம் நிக்க ஒரே ஒரு ஆளுக்குத்தான் பாஸ்."

தம்பி மனைவி சேலையை மடித்துக்கொண்டே கேட்டாள். "அதுக்காக மட்டும்தானா?"

இஸ்திரிப் பெட்டி சூடு தணிந்து டிக் டிக் என்றது.

"இல்ல" என்றான். "இத்தனை வருஷம் ஏணில நின்னேன். அப்படி ஒரு படம் எனக்கு வந்ததே இல்ல. ஒரு நாள் வெச்சுக்கலாம்னு தோணிச்சு."

எனக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை எரிந்தது. பெற்ற மகள் எடுத்த படத்தைத் தன் பெயரில் ஒரு நாள் வைத்துக்கொண்டிருக்கிறான் என் தம்பி. அடுத்தவன் காசை எண்ணிப் பார்க்காதவன், அடுத்தவர் சோற்றில் கை வைக்காதவன், இதில் கை வைத்திருக்கிறான். அவன் சின்னப் பையனாக இருந்திருந்தால் முதுகில் நாலு வைத்திருப்பேன்.

"இப்ப என்ன செய்யப் போற?"

"ஒட்டினேன்னு சொல்லிடறேன். என்னோட போகட்டும். எனக்கு இனிமே எத்தனை தேர்தல் இருக்கு? அவ பேர் வெளில வந்தா அவளை எங்கயும் சேர்க்க மாட்டாங்க. கேமராவையே தொட விட மாட்டாங்க."

"உன் பேர்?"

"போகட்டும்க்கா."

"அது உன் பேர் மட்டும்னு எவன் சொன்னான்?" என்றேன். "செருப்பை மாட்டு. நானும் வரேன்."

"நீ எதுக்கு?"

"நீ பொய் சொல்றதை நான் பார்க்கணும். என் எதிர்ல சொல்லு, முடிஞ்சா."

தம்பி மனைவி சேலையை ஒருமுறை உதறினாள். "அண்ணி, குடையை எடுத்துக்கிட்டுப் போங்க."

"மழையா?"

"மழை இல்ல. கையில ஏதாவது இருக்கட்டும்."

பத்திரிகை அலுவலகத்தின் நீண்ட நடைபாதையில் இரண்டு பக்கமும் சட்டம் போட்ட படங்கள் தொங்கும். பாதிக்கு மேல் என் தம்பி எடுத்தவை. ராஜினாமா செய்துவிட்டுப் படியிறங்குகிற முதல்வர், வாக்குப் பெட்டியின் மேல் தூங்கிப்போன காவலர், வெள்ளத்தில் நாற்காலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கும் வேட்பாளர். எனக்கு ஒவ்வொன்றும் தெரியும். அன்று அந்தச் சுவரில் நான்கைந்து இடங்களில் வெளிறிய சதுரங்கள் இருந்தன. ஆணி மட்டும் நின்றது. விசாரிக்கும் முன்பே கழற்றிவிட்டிருக்கிறார்கள். தம்பி அந்தச் சதுரங்களைப் பார்க்காமல் நடந்தான். நான் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று பார்த்துவிட்டுத்தான் போனேன்.

ஆசிரியர் மேஜைக்குப் பின்னால் இருந்தார். கத்திரி சுவரோரமாக நின்றார். விளம்பரச் செயலாளர் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் வந்ததற்கு அந்தக் கால் இறங்கவில்லை.

ஆசிரியர் என்னைப் பார்த்துச் சங்கடப்பட்டார். "அம்மா, நீங்க வெளியில வரவேற்பறையில..."

"இவனுக்கு நடக்கக் கத்துக் குடுத்தவ நான். எங்க விழறான்னும் நானே பார்த்துக்கறேன்" என்று சொல்லி, யாரும் காட்டாத நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

செயலாளர் சிரித்தார். பல்லுக்கு மட்டும் வேலை கொடுக்கிற சிரிப்பு. "பெரிய விஷயம் ஒண்ணும் இல்லீங்கம்மா. பக்கம் போடும்போது ரெண்டு படம் ஒண்ணாச் சேர்ந்துடுச்சு. அண்ணன் அதைக் கேமரா முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும். அமைச்சர் பெருந்தன்மையா விட்டுடுவார்."

"அவர் பெருந்தன்மையைத்தான் ஊரே பார்த்துச்சே. கட்டைவிரல்லதான் இருக்கு."

கத்திரிக்கு இருமல் வந்தது. ஆசிரியர் தண்ணீர்க் குவளையை அவர் பக்கம் தள்ளினார். குடிக்க அல்ல, வாயை மூட.

"ஏணி" என்றார் ஆசிரியர். "எனக்கும் இது பிடிக்கல. ஆனா வீடியோ இருக்கு. நீங்க அந்தப் பக்கம் இல்ல. படம் எப்படி வந்துச்சுன்னு உங்களாலயும் சொல்ல முடியல. சொல்ல முடியாத படத்துக்கு நான் எப்படி முட்டுக் குடுக்கறது? தேர்தல் முடியற வரைக்கும் கொஞ்சம் ஒதுங்கி இருங்க. அப்புறம் பார்த்துக்கலாம்."

"சுவர்ல இருந்த படங்களும் அந்தப் பக்கத்துலதான் எடுத்ததா?" என்று கேட்டேன். "அதை எதுக்குக் கழட்டினீங்க?"

அவர் மேஜை மேலிருந்த பேனாவை எடுத்து மூடியைத் திருகினார்.

செயலாளர் கைப்பேசியில் எதையோ தட்டினார். "அண்ணனுக்கு நம்பிக்கை வரணும்னா இன்னொருத்தரையும் கூப்பிட்டிருக்கோம். அன்னைக்குக் காருக்குப் பக்கத்துலயே இருந்தவங்க. அவங்க எடுத்த படம் எல்லாத்துலயும் அண்ணன் ஏணி மேலதான் இருக்கார். சொந்தப் பொண்ணே சாட்சின்னா அதுக்கு மேல என்ன இருக்கு?"

கதவு திறந்தது. சிட்டு வந்தாள். கழுத்தில் அமைச்சர் அலுவலகத்துப் பட்டை, தோளில் கேமராப் பை. பெற்ற மகளை அப்பனுக்கு எதிராக நிறுத்த அழைத்து வந்திருக்கிறார்கள். இந்த மாதிரிப் புத்தி அரசியலில்தான் வரும். வீட்டில் சண்டை போடுகிறவர்களுக்குக்கூட ஒரு வரம்பு உண்டு.

அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "அத்தை, நீங்க எதுக்கு வந்தீங்க?"

"குடை பிடிக்க" என்றேன்.

தம்பி சட்டென்று பேச ஆரம்பித்தான். அவள் வாயைத் திறக்கும் முன் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் அவன் குரலில் தெரிந்தது. "யாரையும் கேக்க வேண்டாம். நான்தான் அந்தப் படத்தை..."

"வாயை மூடுடா" என்றேன்.

"அக்கா, விடு."

"மூடுன்னேன்."

அந்த இடைவெளியில் சிட்டு கத்திரியின் பக்கம் திரும்பினாள். "அங்கிள், நீங்க பேப்பர்ல போட்டது பாதிப் படம். கார்டுல இருந்தபடி முழுசையும் திறங்க."

"ஓரத்துல ஒண்ணும் இல்லம்மா. மங்கலா ஏதோ கூட்டம். அதான் வெட்டினேன்."

"திறங்க அங்கிள்."

ஆசிரியரின் கம்ப்யூட்டரிலேயே கத்திரி திறந்தார். எல்லாரும் எட்டிப் பார்த்தோம். நானும் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பத்திரிகையில் வந்ததைவிட அகலமாக இருந்தது. நடுவில் அதே விரல்கள், அதே கண்ணாடி, அதே கட்டைவிரல். வலது ஓரத்தில், கார் ஜன்னலுக்கு அப்பால், கயிற்றுக்குப் பின்னால், கூட்டத்தின் தலைகளுக்கு மேலே, மங்கலாக ஓர் ஏணி. அதன் மேல் என் தம்பி. முகம் தெளிவாக இல்லை. தேவையும் இல்லை. அந்தக் கூன் விழுந்த தோளை நான் இருட்டிலும் கண்டுபிடிப்பேன்.

"உங்க வீடியோ சரி சார்" என்றாள் சிட்டு செயலாளரிடம். "இந்தப் படமும் சரி. ரெண்டுலயும் அப்பா ஒரே இடத்துலதான் நிக்கிறார். படத்துக்குள்ள இருக்குறவர் அந்தப் படத்தை எடுக்க முடியாது. அப்ப ஒட்டவும் இல்ல, அவர் எடுக்கவும் இல்ல."

"பின்ன யார் எடுத்தது?" செயலாளரின் கால் இப்போது கீழே இறங்கியிருந்தது.

"காருக்கு அந்தப் பக்கம் நிக்க நீங்க யாருக்கு சார் பாஸ் குடுத்தீங்க?"

தம்பி திரையின் அருகே போய்க் குனிந்தான். அவன் மகளைப் பார்க்கவில்லை, செயலாளரைப் பார்க்கவில்லை. அந்த மங்கலான ஓரத்தையே பார்த்தான். ஏணி மேல் நின்றவனின் தலை குனிந்திருந்தது. இரண்டு கைகளும் மார்புக்கருகே இருந்தன.

"அந்த நேரத்துல லென்ஸ் மாத்திட்டு இருந்திருக்கேன்" என்றான்.

அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் என் காதில் விழுந்தது. விலா எலும்பு உடைந்து வந்தபோதுகூட அவன் குரல் அப்படி இருந்ததில்லை.

செயலாளர் எழுந்தார். சிட்டுவின் முன்னால் போய் விரலை நீட்டினார். "சம்பளம் குடுத்து வெச்சிருக்கோம். நீ அங்க எடுக்குற ஒவ்வொரு படமும் எங்க சொத்து. எங்க படத்தை வெளில குடுத்ததுக்கு என்ன தண்டனைன்னு தெரியுமா உனக்கு? ஆசிரியர் சார், எங்க அனுமதி இல்லாம எங்க படத்தை நீங்க போட்டிருக்கீங்க."

அதுவரை சுவரோடு சுவராக இருந்த கத்திரி மெதுவாகக் கேட்டார். "உங்க படம்னா அப்ப நிஜப் படம்தானே சார்? ஒட்டினது யார் சொத்தாவும் இருக்காதே?"

செயலாளர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. அந்த மனிதர் பேச்சுக்குச் சம்பளம் வாங்குகிறவர். முதல் தடவையாக அன்று சம்பளத்துக்கு வேலை செய்யவில்லை.

சிட்டு கழுத்துப் பட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தாள். பையிலிருந்து கேமராவை எடுத்தாள். அதில் மாட்டியிருந்த லென்ஸைத் திருகிக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டாள். வெறும் கேமராவை அவர் முன்னால் தள்ளினாள். "இது உங்களோடது. லென்ஸ் நான் வாங்கினது."

அவர் கேமராவை வாரி எடுத்துக்கொண்டார். கதவு வரை போனவர் திரும்பினார். மறுபடியும் அந்தப் பல் சிரிப்பு. "அந்தப் பொம்பளை யாருன்னு உங்கள்ல யாருக்காவது தெரியுமா? ஊரெல்லாம் படம் போட்டீங்களே, தேடிப் போய்ப் பார்த்தீங்களா? நாங்க பார்த்தோம். நேத்தே பார்த்தோம். அந்தம்மா வேற கதை சொல்றாங்க."

கதவு மூடியது.

ஆசிரியர் நெற்றியைத் தேய்த்தார். தம்பி அவர் முன்னால் வந்து நின்றான். "பேரை மாத்துங்க சார்."

"பார்க்கலாம் ஏணி. முதலாளிகிட்ட கேக்கணும். ரெண்டு நாள் போகட்டும்."

"நாளைக் காலைப் பேப்பர்ல. முதல் பக்கத்துல. முழுப் படத்தோட."

"யோசிச்சுத்தான் பேசுறீங்களா? பேரை மாத்தினா காரணம் போடணும். கார்டு மாறினதைப் போடணும். மாறினது உங்களுக்குத் தெரிஞ்சும் ஒரு நாள் சும்மா இருந்தீங்கன்னும் போடணும். வாசகன் கேப்பான்ல?"

எனக்கு அந்த வரி வேண்டாம் என்றிருந்தது. பொய்ப் படம் எடுத்தவன் என்ற பழி போனது, சரி. மகள் படத்தைத் தன் பெயரில் வைத்திருந்தவன் என்று அச்சில் வர வேண்டுமா? அதை நாலு தெருவும் படிக்க வேண்டுமா? மளிகைக் கடைக்காரன் படிக்க வேண்டுமா? வேறு ஏதாவது சொல்லி முடிக்க வழியில்லையா என்று கேட்க வாயெடுத்தேன்.

"எல்லாத்தையும் போடுங்க" என்றான் தம்பி. "நானே சொல்றேன், கத்திரி எழுதிக்கட்டும்."

அவன் சொன்னான். கத்திரி எழுதினார். நான் வாயை மூடிக்கொண்டேன். எங்கள் வீட்டு மானத்துக்கு நான்தான் காவல் என்று இதுவரை நினைத்திருந்தேன். அன்று அதை அவன் தன் வாயாலேயே கொளுத்தினான். கோபம் வந்தது. ஆனால் நிமிர்ந்துதான் நின்றான். அதை மறைக்க மாட்டேன்.

முதலாளி அந்த வரிகளை அச்சேற விடுவாரா என்று அந்த நேரத்தில் யாருக்கும் தெரியாது. ஆசிரியர் தொலைபேசியை எடுத்துக்கொண்டு எங்களை வெளியே போகச் சொன்னார்.

மாடிப்படியில் சிட்டுவின் முழங்கையைப் பிடித்து நிறுத்தினேன். "உண்மையைச் சொல்லு. அந்தப் படத்தைக் கார்டுல மறந்துபோய் விட்டியா, வேணும்னே விட்டியா?"

"கார்டைத் திருப்பிக் குடுக்கும்போது காலி பண்ணிட்டுக் குடுக்கறதுதான் மரியாதை அத்தை."

"அது எனக்குத் தெரியும். நீ ஏன் பண்ணல?"

"பண்ணல" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். இந்தப் பெண்ணிடம் ஒரு கேள்விக்கு ஒரு பதிலை முழுசாக வாங்க எனக்கு இந்த ஜன்மம் போதாது.

பொழுது சாயும் முன் வீடு வந்து சேர்ந்தோம். தம்பி மனைவி வங்கியிலிருந்து வந்திருந்தாள். மூவர் முகத்தையும் பார்த்தாள். "குடை உடைஞ்சுதா?" என்றாள். "இல்ல" என்றேன். "பரவாயில்ல, அடுத்த தடவை" என்று சமையலறைக்குள் போய்விட்டாள்.

சிட்டு முன்னறையில் தன் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பனைப் போலவே, துடைக்க ஒன்றும் இல்லாததை. தம்பி வாசற்படியில் நின்றான். உள்ளே வருவதா போவதா என்று தெரியாத ஆள்போல.

"என்ன லென்ஸ்?" என்று கேட்டான்.

சுவரைப் பார்த்துத்தான் கேட்டான். ஆனால் அங்கே லென்ஸ் வைத்திருந்தது ஒருத்திதான்.

"இருபத்தெட்டு எம்.எம்."

"அப்ப ரொம்பக் கிட்டப் போயிருக்கணும்."

"ஆமா. காருக்குள்ள தலையை விட்டுத்தான் எடுத்தேன்."

"எத்தனை எடுத்தே?"

"ஒண்ணுதான். அதுக்குள்ள கண்ணாடி ஏறிடுச்சு."

அவன் தலையை ஆட்டினான். ஏணியைத் தோளில் மாட்டிக்கொண்டான். அந்தப் பெண்ணைத் தேடிச் சந்தைக்குப் போகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனான். தேடுவதற்கு ஏணி எதற்கு என்று அவள் கேட்டாள். அவன் காதில் விழவில்லை.

இதற்குள் தெருவில் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. மகளை அமைச்சர் அலுவலகத்தில் உளவு பார்க்க வைத்தவனே ஏணிதான், அப்பனும் மகளும் வீட்டில் உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்டு ஆடிய நாடகம் இது என்கிறார்கள். பொய். அவள் அந்த வேலைக்குப் போன நாளிலிருந்து என் தம்பி அவளோடு உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டதில்லை. அன்றும் சாப்பிடவில்லை.